சாவியம்மாவின் பச்சை அம்பு

தொழுகை விரிப்பை உதறும்போது சாவியம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நடைவழியின் கோடியில், தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வளைவுப் படம் போட்ட முனையை மேலே பிடித்து இரண்டு உதறு. வளைவு தலைப்பக்கம், அது தரையில் இழுபடக் கூடாது. பாதம் படுகிற பக்கம் கீழே. பிறகு வளைவு உள்ளே போகும்படி மடிப்பு, மூலைக்கு மூலை, வார்டில் போர்வை மடித்த அதே கையால். "நெத்தி வைக்கிற எடம். பேஷண்ட்டுக்குத் தலகாணி உறை எப்படியோ அப்படி. இதுல மதம் என்ன இருக்கு, சுத்தம்தான் இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்வாள்.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எதிரே இருக்கிறது பொதுப் பிரார்த்தனை அறை. அதன் சாவி அவள் இடுப்பில் தொங்குவதால் சாவியம்மா. முன்பு நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் ஆயாவாக இருந்தாள். பருமனான ஒரு மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, அவர் தைரியமாகத் தன் முழு எடையையும் இவள் மேல் போட்டுவிட, இடுப்பெலும்பு நழுவியது. "அவர் நடந்து வீட்டுக்குப் போனார். நான் இங்க வந்து உக்காந்தேன்." பளு தூக்க வேண்டாத வேலை என்று இந்த அறையைக் கொடுத்தார்கள்.

அறையில் ஒரு மர அலமாரி. அதில் சாமி படங்கள், ஒரு சிலுவை, கையளவு புத்தர், மின்கலத்தில் எரியும் விளக்கு. பிராணவாயுக் குழாய் சுவருக்குள் ஓடுவதால் தீக்குச்சி, ஊதுவத்தி எதுவும் கூடாது. தொழுகை நேரம் வந்ததும் அலமாரிக் கதவைச் சாத்துவாள். சாத்துமுன் உள்ளே எட்டிப் பார்த்து, "கொஞ்சம் உள்ள இருங்க, அவங்க முடிச்சிட்டுப் போகட்டும்" என்பாள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர்களை வெளியே அனுப்பும் அதே குரல்.

கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள். நோயாளியோடு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன மணிமாலைகள் அங்கே தொங்கும். சிலுவை கோத்திருந்தால் ஜெபமாலை. நுனியில் குஞ்சம் இருந்தால் முஸ்லிம்களின் தஸ்பீஹ். இரண்டும் இல்லாதவை மூன்றாவது கொக்கியில். இந்த ஏற்பாடு முழுக்கத் தவறு என்று பலர் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் மாலையிலும் குஞ்சம் உண்டு. ஒருமுறை ஒரு பெரிய மீசைக்காரர் தாயார் குணமாக வேண்டி உட்கார்ந்து ஜபம் செய்துவிட்டு, "என்னம்மா, எங்க மாலைல நூத்தியெட்டு மணி இருக்கும், இதுல சட்டுனு முடிஞ்சு போகுதே" என்று தஸ்பீஹைத் திருப்பிக் கொடுத்தார். "அதுக்கென்ன, இன்னும் ரெண்டு சுத்து சேர்த்துச் சுத்துங்க" என்றாள் சாவியம்மா. அவரும் சுற்றினார். தாயார் பிழைத்தது எந்தச் சுற்றில் என்று யாருக்கும் தெரியாது.

தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்கு முதலில் தனி இடம் இல்லை. ஆண்கள் முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தார்கள். வயசானவர்கள் ஒற்றைக்காலில் தள்ளாடினார்கள். பெருக்குகிறவர்கள் கத்தினார்கள். சாவியம்மா ஒரு பிளாஸ்டிக் முக்காலி, வாளி, குவளை கொண்டுவந்து மூலையில் வைத்தாள். விவகாரம் முடிந்தது. கழுவி எழுந்தவரிடம் துண்டை நீட்டி, "சர்க்கரை இருக்கா? அப்ப விரலிடுக்க நல்லாத் தொடைங்க. ஈரத்தோட செருப்பு போட்டா புண்ணு வரும், அப்புறம் நீங்களும் ஒரு பெட் புடிக்கணும்" என்பாள். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்க மாட்டாள். அவசரமாக இருந்தாலும் சுவரோரம் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு போவாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. திசை தெரியாது. கிழக்கு, வடக்கு என்றால் முகம் வெளுத்துவிடும். அவளுடைய உலகம் நுழைவதிலிருந்து தொடங்குகிறது. "நொழைஞ்சதும் சோத்துக்கைப் பக்கம்", "நொழைஞ்சதும் பீச்சாங்கைப் பக்கம்." துடைப்பம், வாளி, எக்ஸ்ரே, மருந்துக்கடை, சொந்த அண்ணன் வீடு எல்லாம் இப்படித்தான். கிப்லா என்று எழுதிய பச்சை அம்பு ஸ்டிக்கரும் அப்படித்தான். தொழுகிறவர்கள் முகம் வைக்க வேண்டிய சுவரைக் காட்டும் அந்த அம்பு, நுழைந்ததும் சோற்றுக்கைப் பக்கச் சுவரில் இருந்தது. எந்த மகான் ஒட்டினாரோ, அவள் வந்த நாளிலிருந்து அங்கேதான்.

இடுப்பு வலிக்கு அவள் விடுப்பில் போயிருந்தபோது அறைக்கு வெள்ளையடித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவை நீட்ட வேண்டும் என்று பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதற்கு நேர் எதிர்ச் சுவரில் புது வாசல் வைத்தார்கள். சாவியம்மா திரும்பி வந்தபோது சுவர்கள் பால் போல இருந்தன. அம்பு உரிக்கப்பட்டு, அலமாரித் தட்டில் ஒரு பழைய காலண்டர் அட்டைமேல் ஒட்டிக் கிடந்தது. வாசலில் நின்றாள். உள்ளே நுழைந்தாள். சோற்றுக்கையை நீட்டினாள். வாசல் மாறியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. வெளியே போனாள். மறுபடி நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்று யோசித்தாள். சுற்றியதில் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோனது. கை மட்டும் மறக்கவில்லை. கை நீட்டிய சுவரில் அம்பை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

அன்றைக்கே ஒரு வெல்டர் வந்தார்.

முன்கைகளில் தீப்பொறி தெறித்த புள்ளிகள், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வழக்கம். மனைவிக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும். காய்ச்சல் விட்டால்தான் அறுவை சிகிச்சை என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார், பெரும்பாலும் இந்த அறையில். ஐந்து வேளையும் வருவார். விரிப்பைப் போட்டுவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடி, அம்புக்கும் விரிப்புக்கும் கோடு பிடிப்பார். விரலால் கொஞ்சம் தள்ளுவார், மறுபடி கண்ணை மூடுவார். "எனக்குக் கோடு நேரா இல்லன்னா மனசு உக்காராது அக்கா. இரும்பா இருந்தா தேய்ச்சுச் சரிபண்ணலாம். இது வேற கணக்கு."

தொழுதபின் கையேந்தி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். போகும்போது விரிப்பை அவரே மடிப்பார், வளைவு உள்ளே போகும்படி. அதனாலேயே சாவியம்மாவுக்கு அவரைப் பிடித்துப் போனது. அவருடைய மனைவியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "மொகத்துல ரத்தம் ஓடுது, நகம் நீலமா இல்ல, நல்லா இருக்காங்க" என்று தகவல் சொல்வாள். டாக்டர் சொன்னால் பாதி நம்புகிறவர் இவள் சொன்னால் முழுதும் நம்புவார்.

காய்ச்சல் விட்டது. மாலை அஸர் தொழுகை நேரத்தை ஒட்டி அறுவை என்று முடிவானது. அன்று மதியம், லுஹர் தொழுகைக்குத்தான் குழப்பம் நுழைந்தது, ஒரு கண்ணாடிக்காரர் வடிவத்தில்.

யாரையோ பார்க்க வந்தவர். தன் பையிலிருந்து சொந்த விரிப்பை எடுத்து விரித்தார். அதன் தலைப்பக்கத்தில் கிப்லாவைக் காட்டும் சட்டைப் பொத்தான் அளவு திசைகாட்டி தைத்திருந்தது. அதைப் பார்த்தார், அம்பைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த அம்பு யார் வச்சது?"

"நான்தான். ஏன்?"

"இல்ல, என் முள்ளு மூலையைக் காட்டுதே."

வெல்டர் தலையை நீட்டிப் பார்த்தார். முள் மூலையிலிருந்து நகர்ந்து கதவுக்குப் போய், அங்கே கொஞ்சம் நடுங்கிவிட்டு அலமாரியைக் காட்டியது. கண்ணாடிக்காரர் செல்போனை எடுத்தார். அது செருப்பு வைக்கிற தட்டைக் காட்டியது. வெல்டர் தன் செல்போனை எடுத்தார். அது தண்ணீர் வாளியைக் காட்டியது. இரண்டு பேரும் போனை எட்டு போல ஆட்டினார்கள், அப்படி ஆட்டினால் சரியாகும் என்று போனே சொன்னதால். சரியாகவில்லை. இருவரும் அறைக்குள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

பெண்களுக்கான தடுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எந்தப் பக்கம்னு ஒரு முடிவு சொல்லுங்களேன். நான் ரெண்டு தடவ திரும்பிட்டேன்."

"அம்புப் பக்கமே நில்லுங்கம்மா" என்றார் வெல்டர். பிறகு கண்ணாடிக்காரரிடம், "பாய், அக்கா பல வருஷமா இந்த ரூமப் பாக்கறாங்க. அவங்க ஒட்டினது தப்பா இருக்காது" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு, முதல் முறையாகச் சாவியம்மா அம்பைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் தயங்கினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "தெரியாத எடத்துல நல்லா விசாரிச்சுட்டு, மனசு எதைச் சரின்னு சொல்லுதோ அந்தப் பக்கம் நிக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூலையைப் பார்த்து நின்றார். வெல்டர் அம்பைப் பார்த்து நின்றார். ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு பக்கம் குனிய, திரைக்குப் பின்னால் மூன்றாவது ஆள் எந்தப் பக்கம் குனிந்தாரோ.

சாவியம்மா மாடிப்படி இறங்கினாள். கீழே ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிதான் ஆஸ்பத்திரியில் அவளோடு உட்கார்ந்து பேசுகிற ஆள். உள்ளே போகிறவர்களிடம் கைக்கடிகாரம், பெல்ட், கொண்டை ஊசி எல்லாம் வாங்கி வைப்பது அவர் வேலை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"உங்க ரூம் எங்க இருக்கு தெரியுமா? இந்த மெஷினுக்கு நேர் மேல. இது எவ்வளவு பெரிய காந்தம்! என் வாட்சே இங்க செத்துப் போச்சு. மேல முள்ளு ஆடாம என்ன செய்யும்?"

"அப்ப எல்லா முள்ளும் பொய்யா?"

"பொய்தான்."

"அப்ப என் அம்பு நெசமா?"

"அதெப்படி எனக்குத் தெரியும்? உங்க அம்புக்கு முள்ளா இருக்கு?"

அவருடைய செல்போனில் கிப்லா காட்டும் செயலியைத் திறக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, சாவியம்மா மொட்டைமாடிக்குப் போனாள். இரும்புத் தொட்டிகளை விட்டு விலகி, துணி காயும் கொடிக்கும் அப்பால் போய் நின்றாள். அங்கே முள் ஆடவில்லை. சலவைக்கூடத்தின் புகைக்கூண்டை நேராகக் காட்டிற்று. அவள் திரும்பி நின்றாள். முள் அவளோடு திரும்பாமல் புகைக்கூண்டையே பிடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து பார்த்தாள். புகைக்கூண்டுதான்.

கீழே வந்தாள். அறை காலியாக இருந்தது. சுவரின் உச்சியில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு உண்டு. முக்காலியைப் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைக்கூண்டு நின்றது. பச்சை அம்பு அவள் முதுகுக்குப் பின்னால், நேர் எதிர்ச் சுவரில் இருந்தது.

இறங்கி, அடைத்துவிட்ட பழைய வாசல் இருந்த இடத்தில் போய் முதுகை ஒட்டி நின்றாள். அங்கிருந்து நுழைவதுபோல ஓர் அடி எடுத்து வைத்து, சோற்றுக்கையை நீட்டினாள். கை புகைக்கூண்டுச் சுவரைக் காட்டியது. எல்லாம் விளங்கியது. விளங்கியதும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு கண்ணை மூடிக் கோடு பிடித்து, இம்மி பிசகாமல், கிப்லாவுக்கு முதுகைக் காட்டித் தொழுதிருக்கிறார்.

சூப்பர்வைசரிடம் போனாள். வாசலை மாற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் கேட்டுவிட்டு, கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. சத்தமில்லாம எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிடு. கேட்டா பெயிண்ட்டுக்காரன் தப்புன்னு சொல்லிக்கலாம்."

"அந்த வெல்டரு?"

"அவன் பொண்டாட்டிய இப்பத்தான் உள்ள கொண்டுபோறாங்க. இந்த நேரத்துல போயி, நீ வேண்டினதெல்லாம் வேற பக்கம்னு சொல்லப்போறியா? மனுஷன் ஒடஞ்சு போயிடுவான். நீ நர்ஸம்மாகிட்ட பாடம் படிச்சவதானே? பேஷண்ட் வீட்டு ஆளுங்களப் பதற வைக்கக் கூடாதுன்னு சொல்லித் தரலையா?"

சொல்லித்தான் தந்தார்கள். தவறான மருந்தைக் கொடுத்துவிட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்றும் அதே பாடத்தில் சொல்லித் தந்தார்கள். இரண்டில் எது இதற்குப் பொருந்தும் என்று சாவியம்மாவுக்குத் தெரியவில்லை. இது மருந்தா, ஆறுதலா? மருந்தென்றால் சொல்ல வேண்டும். ஆறுதலென்றால் வாயை மூட வேண்டும். படியேறும்போது மருந்து என்று தோன்றியது. நடைவழியில் ஆறுதல் என்று தோன்றியது. அறை வாசலை எட்டியபோது ஒன்றும் தோன்றவில்லை.

வெல்டர் முக்காலியில் உட்கார்ந்து ஒளு செய்துகொண்டிருந்தார். மனைவியின் கட்டிலோடு அறுவைக் கூடத்து வாசல்வரை நடந்துவிட்டு வந்திருந்தார். அவர் காலைக் கழுவி முடிக்கும்வரை சாவியம்மா பொறுத்தாள். துண்டைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"தம்பி, அம்பு தப்பு. நான்தான் மாத்தி ஒட்டிட்டேன். கிப்லா இந்தப் பக்கம். நீங்க நின்னது நேர் எதிர்ப் பக்கம்."

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "எந்த நாள்லேருந்து?"

"நீங்க வந்த நாள்லேருந்து."

"அப்ப..." என்றார். அம்பைப் பார்த்தார். திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அது வெறும் வெள்ளையாக இருந்தது. "அப்ப நான் இத்தன நாள் யாருக்கு முதுகக் காட்டிட்டு நின்னேன்?"

சாவியம்மா குவளையை எடுத்து வாளிக்குள் போட்டாள்.

"இன்னைக்குன்னு பாத்தா சொல்லணும்? அவள உள்ள கொண்டுபோயாச்சு அக்கா. நாளைக்குச் சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குச் சொன்னா, ஏன் நேத்தே சொல்லலன்னு கேப்பீங்க."

"ஆமா. கேப்பேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த முகம். "தெரியாம நின்னா குத்தம் இல்ல. ஓதிக்கொடுத்த உஸ்தாத் சொல்லியிருக்காரு, தொழுகை செல்லும்னு. ஆனா அது பாலைவனத்துல வழி தெரியாம நிக்கறவனுக்குச் சொன்னது. லிப்ட் போட்ட ஆஸ்பத்திரிக்குப் பொருந்துமா? கையில போன் இருந்தும் பாக்கலயே நான்? பாத்தாலும் அது வாளியத்தானே காட்டுச்சு?" ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. "எனக்கு ஒண்ணும் வெளங்கல அக்கா."

"எனக்கும் வெளங்கல" என்றாள் சாவியம்மா. "ஆனா பக்கம் இதுதான். மாடிக்குப் போயிப் பாத்துட்டேன். நீங்க வேணும்னா போயிப் பாருங்க."

"வேணாம். நேரம் இல்ல."

விரிப்பை எடுத்து, எதிர்ச் சுவருக்கு முன்னால் போட்டார். குனிந்து ஒரு கண்ணை மூடினார். கோடு பிடிக்க அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. மறு கண்ணை மூடினார். விரிப்பை இடது பக்கம் தள்ளினார், பிறகு வலது பக்கம். நிமிர்ந்து நின்றார். "எங்கன்னு நிக்கறது? எல்லாம் வெள்ளையா இருக்கு. கண்ணு ஓடிட்டே இருக்கு."

சாவியம்மா அம்பு இருந்த சுவருக்குப் போய் நகத்தால் அதை உரித்தாள். பசையில் பாதி புதுச் சுண்ணத்தோடு தங்கிவிட்டது. கொண்டுவந்து, கண்ணாடித் திறப்புக்கு நேர் கீழே வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் சுருண்டு விழுந்தது. எச்சில் தொட்டு ஒட்டப் போனவள், இது என்ன பொருள் என்று நினைவு வந்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

வெளியே கட்டில் சக்கரங்கள் உருண்டு போயின. யாருடையதோ.

"நீங்க ஆரம்பிங்க" என்றாள்.

சுவரோடு ஒட்டி, அவர் பார்வைக்கு ஓரமாக ஒதுங்கி, முகத்தை மூலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கையை மட்டும் நீட்டி, அம்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். பின்னால் அவர் மூச்சை இழுத்துவிட்டுக் கைகளைக் காதுவரை உயர்த்தும் சட்டைச் சத்தம் கேட்டது. நின்றார், குனிந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார், எழுந்தார். தோளிலிருந்து வலி இறங்கி இடுப்பைத் தொட்டது. மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கதவு திறந்தது. சூப்பர்வைசர் தலையை நீட்டி, "சாவியம்மா, என்ன பண்ற?" என்றார். அவள் திரும்பவில்லை. அம்பின் முனையை மறைத்திருந்த சுண்டுவிரலை மட்டும் மெல்ல விலக்கிக்கொண்டாள்.